வீட்டுக் கணினியிலுள்ள கோப்புறைகளின் பட்டியலை அச்செடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் உள்ள உறவினர் வீடுகளில் கணினியின் முன் உட்காரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சில் ஃபோல்டர் என்று நாம் சொல்வதைக் கோப்புறை என்று எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வதுபோல ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். இடம் விட வேண்டிய இடத்தில் இடைவெளி என்று எழுதியிருக்கிறேன். சாய்கோடு என்பது / குறி, சிறுகோடு என்பது - குறி. டி, பி போன்ற பெயர்கள் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொருந்தும் என்பதால், கட்டளையை அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்திலும் கொடுத்திருக்கிறேன்.

கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்னும்போது, பட்டியலைக் காகிதத்தில் எடுத்து வைப்பதால் என்ன பயன்?

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இயங்காமல் போனது. அதிலிருந்தவற்றை மீட்க வழியில்லை என்று உறுதியான பிறகு, எவையெவை போயின என்று நினைவிலிருந்து எழுத முயன்றோம். பத்துப் பதினைந்து பெயர்களுக்கு மேல் யாருக்கும் வரவில்லை. அப்போதுதான் அம்மா, மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துத் தந்தார். "அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது, எனக்கு எழுதித் தா" என்று அவர் முந்தைய ஆண்டு கேட்டதற்காக நான் அச்செடுத்துக் கொடுத்த கோப்புறைப் பட்டியல் அது. நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருந்தன. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பஹ்ரைனில் இருக்கும் அண்ணனிடம் கல்யாணப் படங்களையும், சித்தி வீட்டில் கோட்டாறு திருவிழாப் படங்களையும், மைனியிடம் (அண்ணியிடம்) வளைகாப்புக் காணொளியையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க முடிந்தது. பட்டியல் இல்லாதிருந்தால், கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றியிராது.

காகிதப் பட்டியல் கோப்புகளுக்கு மாற்று அல்ல. ஆனால் கணினியைத் தொடாத ஒருவருக்கு, வீட்டின் படங்களும் பத்திரங்களும் எங்கே என்ன பெயரில் இருக்கின்றன என்று காட்டக்கூடியது அதுவே. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக இருக்கும் நம் மாவட்டத்து வீடுகளில், தொலைபேசியில் "மூன்றாவது வரியில் இருப்பதைத் திறங்கள்" என்று சொல்வதற்கும் அது உதவுகிறது.

கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினால், பட்டியலை அச்செடுக்கும் பொத்தான் எங்கும் இல்லையே?

இல்லை என்பதே உண்மை. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்புளோரரில் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை அச்சுக்கு அனுப்ப முடியும். கோப்புறைக்குள் இருக்கும் பெயர்களை அச்சுக்கு அனுப்பும் வசதி அதில் வைக்கப்படவில்லை. ஆகவே நாம் செய்யப்போகும் எல்லா முறைகளும் இரண்டு படிகள் கொண்டவை: முதலில் பெயர்களை எழுத்துவடிவில் வெளியே எடுக்க வேண்டும், பிறகு அந்த எழுத்தை அச்செடுக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கோப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் என்று கொடுத்தால் பெயர்ப் பட்டியல் வராது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக அச்சாகத் தொடங்கி, தாளும் மையும் வீணாகும்.

கட்டளை எதுவும் தெரியாதவர்கள் செய்யக்கூடிய மிக எளிய முறை எது?

இணையம் பார்க்கப் பயன்படுத்தும் உலாவியே போதும். இணைய இணைப்பு தேவையில்லை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய எதுவானாலும், அச்செடுக்க வேண்டிய கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் சொடுக்கினால் அதன் முழுப் பாதை நீல நிறத்தில் தேர்வாகித் தெரியும். அதை கண்ட்ரோல், சி அழுத்தி நகலெடுத்து, உலாவியின் முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் அழுத்துங்கள். கோப்புறைக்குள் இருப்பவற்றின் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய தேதி ஆகியவை ஒரு பக்கமாக வந்து நிற்கும். பிறகு கண்ட்ரோல், பி (P) அழுத்தினால் அச்சுச் சாளரம் திறக்கும். அந்தச் சாளரத்தில் தலைப்பும் அடிக்குறிப்பும் வேண்டும் என்னும் தேர்வைக் குறித்துவிட்டால், அச்செடுத்த தேதியும் பக்க எண்ணும் தாளிலேயே பதிவாகும்.

நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் இதில் சிதையாமல் வருகின்றன என்பது அதற்கு முதற்காரணம். குறை ஒன்று உண்டு: கோப்புறைகளோடு கோப்புகளும் சேர்ந்தே வரும். ஆயிரம் படங்கள் நேரடியாகக் கிடக்கும் கோப்புறையில் இதைச் செய்தால் பக்கங்கள் பெருகிவிடும். அத்தகைய இடத்துக்குக் கீழே வரும் முறைகள் பொருந்தும்.

தேர்ந்தெடுத்த கோப்புறைகளின் பெயர்களை மட்டும் நகலெடுக்க முடியுமா?

முடியும். வேண்டிய கோப்புறைகளைக் கண்ட்ரோலை அழுத்தியபடி ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். எல்லாமே வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஏ போதும். விண்டோஸ் 10 ஆனால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது சொடுக்கு செய்யுங்கள். விண்டோஸ் 11 ஆனால் வெறும் வலது சொடுக்கே போதும். வரும் பட்டியில் காப்பி ஆஸ் பாத் என்பதைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடைத் திறந்து ஒட்டினால் ஒரு வரிக்கு ஒன்றாகப் பாதைகள் வந்துவிடும். வலது சொடுக்கை முதல் கோப்புறையின் மேல் செய்யுங்கள். நடுவில் உள்ள ஒன்றின் மேல் செய்தால், பட்டியல் அதிலிருந்து தொடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு வரியின் இருபுறமும் மேற்கோள் குறியும், முன்னால் நீண்ட பாதையும் இருக்கும். நோட்பேடில் கண்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மாற்றிடும் சாளரம் வரும். அதில் மேற்கோள் குறியைத் தேடச் சொல்லி, அதற்குப் பதிலாக இட வேண்டியதை வெறுமையாக விட்டால் எல்லா மேற்கோள் குறிகளும் ஒரே முறையில் நீங்கும். முன்னால் திரும்பத் திரும்ப வரும் பாதையையும் அவ்வாறே நீக்கிவிடலாம். பெயர்கள் மட்டும் எஞ்சும்.

கட்டளை கொடுத்துச் செய்வது எப்படி? அது உண்மையிலேயே மேலானதா?

நூற்றுக்கணக்கான கோப்புறைகள் இருந்தாலோ, இதே வேலையை மாதந்தோறும் செய்வதாக இருந்தாலோ மேலானதுதான். கோப்புறையைத் திறந்து, மேலுள்ள முகவரிப் பட்டையில் சொடுக்கி, அங்கே இருப்பதை அழித்துவிட்டு சி, எம், டி (cmd) என்னும் மூன்று எழுத்துகளை இட்டு என்டர் அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்ட் எனப்படும் கறுப்புச் சாளரம், நீங்கள் இருந்த அதே கோப்புறையில் நின்றபடி திறக்கும். அதில் இடவேண்டிய கட்டளை இது:

டி, ஐ, ஆர், இடைவெளி, சாய்கோடு, பி, இடைவெளி, சாய்கோடு, ஏ, டி, சிறுகோடு, ஹெச், இடைவெளி, சாய்கோடு, ஓ, என், இடைவெளி, > குறி, இடைவெளி, பிறகு நீங்கள் வைக்க விரும்பும் கோப்பின் பெயர், புள்ளி, டி, எக்ஸ், டி (dir /b /ad-h /on > பெயர்.txt).

இதில் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் உண்டு. டி, ஐ, ஆர் என்பது பட்டியலிடு என்னும் கட்டளை. பி, தேதி முதலியவற்றை விலக்கிப் பெயரை மட்டும் தா என்கிறது. ஏ, டி என்பது கோப்புகளை விட்டுவிட்டுக் கோப்புறைகளை மட்டும் கேட்கிறது. அதோடு சேரும் சிறுகோடும் ஹெச்சும் மறைந்திருப்பவற்றை நீக்குகின்றன. அந்த இரண்டையும் இடாவிட்டால், ஹார்ட் டிஸ்க்கின் முதல் நிலையில் நிற்கும்போது, நீங்கள் உருவாக்காத மறுசுழற்சித் தொட்டியின் கோப்புறையும் பட்டியலில் வந்து குழப்பும். ஓ, என் என்பது பெயர் வரிசையில் அடுக்கச் சொல்கிறது. > என்னும் குறி, திரையில் காட்ட வேண்டியதைக் கோப்பில் எழுதச் செய்கிறது. ஆகவே என்டர் அழுத்திய பின் திரையில் ஒன்றும் தெரியாது. அது பிழையன்று. கோப்புறைக்குத் திரும்பிப் பார்த்தால் புதிய கோப்பு அங்கே இருக்கும். அதைத் திறந்து அச்செடுக்கலாம்.

அதே பெயரில் முன்பே ஒரு கோப்பு இருந்தால் > குறி அதை அழித்துவிட்டு எழுதும். பழையதன் கீழே தொடர்ந்து எழுத வேண்டுமானால் >> என்று இரண்டு குறிகள் இட வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, முந்தைய பட்டியலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்த நாட்களில் ஒரே கட்டளையில் நேராக அச்சாகுமே, இப்போது ஏன் ஆவதில்லை?

டாஸ் காலத்தில் > குறிக்குப் பின் பி, ஆர், என் (prn) என்று இட்டால் பட்டியல் நேரே அச்சுப்பொறிக்குப் போகும். அந்தப் பெயர் கணினியின் பின்புறமிருந்த இணைநிலைத் துறையை (பேரலல் போர்ட்டை) குறிப்பது. இன்றைய யூஎஸ்பி, வைஃபை அச்சுப்பொறிகள் அந்தத் துறையில் இணைந்திருப்பதில்லை. கோப்பில் எழுதி, அதிலிருந்து அச்செடுப்பதே இப்போதைய முறை.

தமிழில் பெயர் வைத்த கோப்புறைகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்திருக்கின்றன. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் மிக நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். ஏனெனில் நம் மாவட்டத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பெயர் வைத்த கோப்புறைகள் ஒரே கணினியில் இருப்பது இயல்பு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்துடன் சேர்ந்தன. அதற்கு முந்தைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருப்பதால், அவற்றை ஸ்கேன் செய்து வைப்பவர்கள் பெயரையும் மலையாளத்திலேயே இட்டுவிடுகிறார்கள்.

முதலில், வந்திருப்பது கட்டமா, கேள்விக்குறியா என்று பாருங்கள். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்து கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்துகாட்ட வேண்டிய எழுத்துரு மட்டும் அங்கே இல்லை. நோட்பேடில் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றினால் தமிழும் மலையாளமும் இரண்டுமே தெரியும். விண்டோஸ் 8 முதல் அந்த எழுத்துரு விண்டோஸுடனேயே வருகிறது. கறுப்புச் சாளரத்தில் தமிழ் கட்டங்களாகத் தெரிவதும் இவ்வகைதான். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

கேள்விக்குறிகளாக வந்திருந்தால் நிலை வேறு. கமாண்ட் பிராம்ப்ட் பழைய குறியீட்டு அட்டவணை ஒன்றின்படி கோப்பில் எழுதுகிறது. அந்த அட்டவணையில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லாததால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து பெயரை எந்த எழுத்துருவாலும் மீட்க முடியாது. பட்டியலை மீண்டும் எடுக்க வேண்டும். அதற்கு முன், அதே கறுப்புச் சாளரத்தில் சி, ஹெச், சி, பி, இடைவெளி, 65001 (chcp 65001) என்று இட்டு என்டர் அழுத்துங்கள். 65001 என்பது எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறைக்கு உரிய எண். அதன் பிறகு முன்சொன்ன டி, ஐ, ஆர் கட்டளையைக் கொடுத்தால் தமிழும் மலையாளமும் முறையாக எழுதப்படும். சாளரத்தை மூடினால் இந்த மாற்றம் நீங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் இதை முதலில் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, முகவரிப் பட்டையில் சி, எம், டி இடுவதற்குப் பதிலாகப் பவர்ஷெல் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் (powershell) இட்டு, அந்தச் சாளரத்தைத் திறப்பது. அங்கே எல், எஸ், இடைவெளி, சிறுகோடு, ஏ, டி, இடைவெளி, சிறுகோடு, என், ஏ, எம், ஈ, இடைவெளி, >, இடைவெளி, கோப்பின் பெயர் (ls -ad -name > பெயர்.txt) என்று இட்டால் போதும். அது எழுதும் முறை தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியை (யூனிகோடை) தாங்குவதால், குறியீட்டு எண் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில், எடுத்துக்காட்டாகப் பாமினியில், தட்டச்சு செய்து அதை அப்படியே கோப்புறைப் பெயராக ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெயர் எங்கும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலப் பெயர்தான். அவற்றை ஒருமுறை பொறுமையாக ஒருங்குறியில் மாற்றிப் பெயரிட்டுவிட்டுப் பட்டியல் எடுப்பதே நிரந்தரத் தீர்வு.

கோப்புறைக்குள் கோப்புறையாக உள்ளவற்றை மரம்போலக் காட்ட முடியுமா?

டி, ஆர், ஈ, ஈ என்னும் கட்டளை அதற்காகவே உள்ளது. டி, ஆர், ஈ, ஈ, இடைவெளி, சாய்கோடு, ஏ, இடைவெளி, >, இடைவெளி, கோப்பின் பெயர் (tree /a > பெயர்.txt) என்று கொடுங்கள். சாய்கோடு, ஏ என்பதை விட்டுவிட்டால், கிளைகளைக் காட்டும் கோடுகள் நோட்பேடில் வேறு எழுத்துகளாக மாறித் தோன்றும். அதை இட்டால் சாதாரணக் குறிகளால் கோடு வரையப்படும். சாய்கோடு, எஃப் என்பதையும் சேர்த்தால் ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள கோப்புகளும் வரும். படத்தொகுப்பில் அதைச் செய்யாதிருப்பது நல்லது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள வீட்டுக் கணினிக்கு நான் இதைப் பயன்படுத்துவதில்லை. முன்சொன்ன பவர்ஷெல் கட்டளையில், > குறிக்கு முன்னால், இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆர், ஈ, சி, யூ, ஆர், எஸ், ஈ என்னும் சொல்லும் (-recurse) சேர்த்தால் உட்கோப்புறைகள் அனைத்தும் தத்தம் பாதையோடு வரிக்கு ஒன்றாக வரும். பார்வைக்கு மரம்போல இராது. ஆனால் பெயர்கள் சிதையா.

கணினியில் பார்க்கும்போது 1, 2, 3 என்று இருப்பவை, பட்டியலில் 1, 10, 11, 2 என்று வருவது ஏன்?

ஃபைல் எக்ஸ்புளோரர் எண்ணை எண்ணாகவே மதித்து அடுக்குகிறது. டி, ஐ, ஆர் கட்டளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. ஆகவே ஒன்றில் தொடங்குவன எல்லாம் இரண்டுக்கு முன் வந்துவிடுகின்றன. 01, 02 என்று பெயரிட்டால் இரண்டிலும் ஒரே வரிசை கிடைக்கும். நாளைக் குறிப்பதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடுங்கள். ஒக்கிப் புயலன்று எடுத்த படங்களை 2017-11-30 என்று வைத்தால் அது எந்தப் பட்டியலிலும் தனக்குரிய இடத்தில் நிற்கும். 30-11-2017 என்று வைத்தால் எல்லா ஆண்டுகளின் முப்பதாம் தேதிகளோடும் கலந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கும் ஒரு வரிசைச் சிக்கல் உண்டு. ஒருங்குறி எண்களின் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வருகிறது. ற என்பது ர-வுக்கு அடுத்து வருகிறது. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் நிற்கின்றன. அந்த எண்களைக் கொண்டு அடுக்கும் நிரல் எதுவானாலும், நாம் பள்ளியில் கற்ற அகரவரிசைக்கு அது முழுதும் ஒத்துவராது. தேடும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால், சற்று மேலே பாருங்கள்.

பழைய பத்திரங்களைக் கொல்லம் ஆண்டில் (திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக்கணக்கில்) பெயரிட்டு வைத்திருக்கிறோம். பட்டியலில் அவை ஆங்கில ஆண்டுகளோடு கலக்கின்றனவே?

கலக்கத்தான் செய்யும். கொல்லம் 1105 என்பது 1929-30. ஆனால் எண்ணை மட்டும் பார்க்கும் கணினிக்கு அது 1930-க்கு எண்ணூறு ஆண்டுகள் முந்தையது. கொல்லம் ஆண்டோடு 824-ஐயோ 825-ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தையொட்டிப் பிறப்பதால் இரண்டு எண்கள் வருகின்றன. பத்திரத்தில் உள்ளபடி கொல்லம் ஆண்டையும், அதற்கு முன்னால் ஆங்கில ஆண்டையும் சேர்த்து, 1930 கொல்லம் 1105 என்பதுபோலப் பெயரிடுவதையே நான் விரும்புகிறேன். மூலத்தைத் தேடும்போது அதில் எழுதியிருக்கும் எண்ணும் நமக்குத் தேவைப்படும்.

பெயர்ச்சொல்லிலும் கவனம் வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியில் பாட்டா ஆதாரம் என்று ஒரு கோப்புறை இருந்தது. இங்கே மூத்தவர்களின் பேச்சில் பாட்டா என்றால் தாத்தா, ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். அது தெரியாமல், பாட்டாவின் ஆதார் அட்டை என்று எண்ணி, சென்னையில் வளர்ந்த என் தம்பி மகள் அதை அடையாள அட்டைகளின் கோப்புறைக்குள் மாற்றி வைத்துவிட்டாள். பத்திரத்தைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினோம். அச்செடுத்த தாளில் அத்தகைய பெயர்களுக்கு எதிரே பேனாவால் ஒரு சொல் விளக்கம் எழுதி வைப்பது வீண்வேலை அல்ல.

ஒவ்வொரு கோப்புறையின் அளவும் பட்டியலில் வருமா?

வராது. கோப்புகளின் அளவே வரும். கோப்புறைக்கு எதிரே வெறுமையே இருக்கும். முக்கியமான ஒன்றிரண்டுக்கு மட்டும், அவற்றின் மேல் வலது சொடுக்கிப் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, அளவைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

எக்செலில் அட்டவணையாக வைத்துக்கொள்ள முடியுமா?

நோட்பேடில் உள்ள பெயர்களை நகலெடுத்து எக்செலின் முதல் பத்தியில் ஒட்டினால், ஒரு கட்டத்துக்கு ஒரு பெயராக அமையும். ஒட்டுவதற்கு முன், அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வகையாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 2017-11 என்னும் பெயரை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டு, வேறு வடிவில் காட்டும். அடுத்த பத்திகளில் உள்ளே என்ன இருக்கிறது, வேறு நகல் யாரிடம் இருக்கிறது என்று எழுதலாம். என் அனுபவத்தில், நகல் இருக்குமிடத்தைச் சொல்லும் இந்தப் பத்தியே நாளடைவில் மிகவும் பயன்படுகிறது. ரப்பர் பால் கணக்கு என்னும் கோப்புறைக்கு எதிரே அப்பாவின் பென் டிரைவ் என்று எழுதியிருந்தால், தேட வேண்டிய இடம் உடனே தெரிந்துவிடுகிறது.

எக்செலில் டேட்டா பகுதியின் கீழ், ஒரு கோப்புறையிலிருந்து நேராகத் தகவல் எடுக்கும் வசதியும் உண்டு. அது கோப்புகளையே பட்டியலிடும். ஆகவே வெறுமையாக உள்ள கோப்புறைகள் அதில் தென்படா.

வீட்டில் ஒரே மாதிரியான ஹார்ட் டிஸ்க்குகள் மூன்று இருக்கின்றன. எந்தப் பட்டியல் எதற்குரியது என்று எப்படி அறிவது?

டிரைவ் எழுத்தை நம்ப வேண்டாம். இன்று ஈ என்று தெரிவது, வேறு ஒன்றைச் செருகிய பின் இணைத்தால் எஃப் ஆகிவிடலாம். வி, ஓ, எல் என்னும் கட்டளை, அந்த டிஸ்க்குக்கு நீங்கள் வைத்த பெயரையும், அதன் வரிசை எண்ணையும் தரும். அந்த எண் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது இடப்படுவது. அடுத்த முறை ஃபார்மேட் செய்யும்வரை தானாக மாறாது. முதலில் வி, ஓ, எல், இடைவெளி, >, இடைவெளி, கோப்பின் பெயர் (vol > பெயர்.txt) என்று கொடுத்து, பிறகு டி, ஐ, ஆர் கட்டளையை >> குறியோடு அதே கோப்புப் பெயருக்குக் கொடுத்தால், பட்டியலின் தலையிலேயே டிஸ்க்கின் அடையாளம் அமைந்துவிடும். டிஸ்க்கின் மேலும் ஒரு காகிதத் துண்டில் அதே எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

கைபேசியிலுள்ள கோப்புறைகளையும் இப்படி எடுக்கலாமா?

யூஎஸ்பி கம்பியால் இணைத்த கைபேசி கணினியில் தெரிந்தாலும், அதற்கு டிரைவ் எழுத்து கிடைப்பதில்லை. அதனால் கட்டளைகள் அதற்குள் செல்லா. வேண்டியவற்றைக் கணினியில் நகலெடுத்துவிட்டு அங்கிருந்து பட்டியல் எடுங்கள்.

அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது; என் மகனிடம் மேக் இருக்கிறது. அவற்றில் எப்படி?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. அதில் வந்த கணினிகள் பல இன்றும் நம் வீடுகளில் இயங்குகின்றன. லினக்ஸில் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல், எஸ், இடைவெளி, சிறுகோடு, டி, இடைவெளி, உடுக்குறி, சாய்கோடு, இடைவெளி, >, இடைவெளி, கோப்பின் பெயர் (ls -d */ > பெயர்.txt) என்று கொடுத்தால் கோப்புறைகள் மட்டும் பட்டியலாகும். தமிழ்ப் பெயர்களுக்குத் தனியே எதையும் செய்ய வேண்டியதில்லை.

மேக் கணினியில் கட்டளையே தேவையில்லை. ஃபைண்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். டெக்ஸ்ட்எடிட்டில் புதிய பக்கத்தைத் திறந்து, ஃபார்மேட் பட்டியில் அதை வெறும் எழுத்துப் பக்கமாக மாற்றிய பின் ஒட்டுங்கள். பெயர்கள் மட்டும் வந்துவிடும்.

நானூறு பெயர்கள் இருக்கின்றன. தாள்களைக் குறைப்பது எப்படி?

ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டு, 12 புள்ளி எழுத்தில் அச்செடுத்தால் ஏறத்தாழ 50 வரிகள் அமையும். அதன்படி 400 பெயர்களுக்கு எட்டுப் பக்கங்கள் ஆகும். கோப்புறைப் பெயர்கள் குறுகியவை என்பதால் வலப்புறம் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். பெயர்களை வேர்டில் ஒட்டி, லேஅவுட் பகுதியில் காலம்ஸ் என்பதை மூன்றாக வைத்தால் மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். எழுத்தின் அளவை மட்டும் குறைக்காதீர்கள். இந்தத் தாளைப் படிக்கப்போகிறவர்களில் மூக்குக்கண்ணாடி தேடுபவர்களும் இருப்பார்கள்.

வீட்டில் பிரிண்டர் இல்லை. ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் நோட்பேட் கோப்பை அப்படியே கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு எப்படி அமைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அச்சுப்பொறிகளின் வரிசையில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அச்செடுத்தால் பிடிஎஃப் கோப்பு ஒன்று உருவாகும். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், எங்கே திறந்தாலும் நீங்கள் பார்த்தபடியே இருக்கும்.

பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். பல பேருடைய பென் டிரைவ்கள் செருகப்படும் கணினியிலிருந்து வைரஸ் தொற்றி வருவது வழக்கம். பட்டியலையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வங்கி, நகை, நில வழக்கு என்று வெளிப்படையாகப் பெயரிட்ட கோப்புறைகளை, அந்நியர் கண்ணில் படும் தாளில் இட வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அச்செடுத்த தாள் எத்தனை நாள் தாங்கும்?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. கடற்கரையோர வீடுகளில் அதோடு உப்புக்காற்றும் சேர்கிறது. இங்க்ஜெட் பிரிண்டரின் சாய மை ஈரம் பட்டால் பரவிவிடும். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் பயன்படும் டோனர், வெப்பத்தால் தாளில் உருகி ஒட்டுவது, நீரில் கரையாது. ஆகவே வீட்டில் இங்க்ஜெட் இருந்தாலும், கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதைப் பாதுகாத்து வைப்பதே சரி. பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஹார்ட் டிஸ்க் இருக்கும் அறையில் அல்லாமல் வேறோர் இடத்தில், முடிந்தால் வேறொரு வீட்டிலும் ஒரு படி வையுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்து, மழைநீர் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

புதிய பட்டியல் எடுத்ததும் பழையதைக் கிழித்துப் போடலாமா?

வேண்டாம். தாளின் தலையில் தேதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; நோட்பேடின் பேஜ் செட்டப்பில் ஹெட்டர் என்னும் இடத்தில் & குறியும் அதை ஒட்டி ஆங்கில டி (d) எழுத்தும் இட்டால், அச்சாகும் நாள் தானே பதிவாகும். ஆண்டுக்கு ஒரு முறையும், கல்யாணம், கொடை (கோயில் திருவிழா) போன்ற பெரிய நிகழ்ச்சி முடிந்து படங்களை ஏற்றிய பின்னும் புதியது எடுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழையதில் இருந்து புதியதில் இல்லாதவற்றைப் பென்சிலால் குறியுங்கள். போன சித்திரையில் அப்படிப் பார்த்தபோது, மண்டைக்காடு கொடை 2014 என்னும் பெயர் புதிய தாளில் இல்லை. யாரோ தெரியாமல் நீக்கியிருந்தார்கள். மறுசுழற்சித் தொட்டியைத் திறந்தபோது அது இன்னும் அதற்குள்ளேதான் இருந்தது.